மீட்டர் நம்ம வீட்டுல, சீல் மட்டும் ஈ.பி. ஆபீஸோடது!

கோவை கணபதியில், டெக்ஸ்டூல் பாலத்தைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்தால் வரிசையாகப் பட்டறைகள். அதில் ஒன்று அவருடையது. பம்ப்செட்டுக்கான ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். ரெண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு சி.என்.சி., அஞ்சு ஆள். மூலையில் கண்ணாடித் தடுப்புப் போட்ட குட்டி ஆபீஸ். அதற்குள், கூலன்ட் ஆயில் வாசத்துக்கு நடுவே, ஈரோட்டுத் துண்டு போர்த்திய கம்ப்யூட்டர். 2016-ல் வாங்கியது.

2025 அக்டோபரில் ஒருநாள் அந்தத் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. விண்டோஸ் 10-க்கு இனி ஆதரவு கிடையாது, விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளுங்கள் என்றது. சரி என்று மாறப்போனால், இந்த மெஷின் அதற்குத் தகுதியானதில்லை என்றும் அதுவே சொன்னது. 

அவருக்கு வந்தது கோபம் இல்லை, குழப்பம். வெளியே ஓடிக்கொண்டிருக்கும் லேத்தைக் கை காட்டினார். "அது எந்த வருசம் வாங்குனதுன்னு தெரியுமா கண்ணு? எண்பத்தொம்பது. பெல்ட் மாத்திருக்கேன், பேரிங் மாத்திருக்கேன். இன்னிக்கும் ரெண்டு தௌ மிஸ் ஆகாது. அந்த மிஷினு ஒரு நாளாச்சும், 'இனிமே உனக்கு நான் ஓட மாட்டேன்'னு சொல்லிருக்குதா?"

மகள் சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். "அது வேறங்ப்பா, இது வேற. இது செக்யூரிட்டிக்காகச் சொல்றது" என்றாள்.

"யாரோட செக்யூரிட்டிக்கு?"

அவள் சட்டென்று பதில் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவர் கேட்டது இன்றைக்கு நேற்றைய கேள்வி இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாகப் பெரிய பெரிய பேராசிரியர்களெல்லாம் கேட்டு, இன்னும் முழுசாகப் பதில் வராத கேள்வி அது.

கருப்பராயன் சிலையும் பல்லேடியமும்

2002 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனர் பில் கேட்ஸ் தன் ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். 'இனி புது வசதிகளைவிடப் பாதுகாப்புதான் முக்கியம்' என்பது அதன் சாரம். அப்போது விண்டோஸ் கணினிகளை வைரஸ்களும் வோர்ம்களும் பந்தாடிக்கொண்டிருந்த நேரம். அதே ஆண்டு ஜூனில் 'பல்லேடியம்' என்ற திட்டம் வெளியுலகுக்குத் தெரிய வந்தது.

பேரே சுவாரசியமானது. கிரேக்கப் புராணத்தில் ட்ராய் நகரத்தைக் காத்து நின்ற அதீனா தேவியின் சிலைக்குத்தான் பல்லேடியம் என்று பெயர். நம்ம ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் கருப்பராயன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தச் சிலை ஊருக்குள் இருக்கும்வரை ஊர் விழாது என்பது நம்பிக்கை. அதை எதிரிகள் திருடிக்கொண்டு போன பிறகு ட்ராய் விழுந்தது. பேர் வைத்தவர்கள் கதையின் பின்பாதியை யோசித்தார்களா, தெரியவில்லை!

திட்டம் இதுதான். கணினிக்குள் தனியாக ஒரு சிப் இருக்கும். சாவிகளை அது பூட்டி வைத்துக்கொள்ளும். கணினி ஆன் ஆகும்போது முதலில் எந்த மென்பொருள் ஓடுகிறது, அடுத்து எது என்று ஒவ்வொன்றின் கைரேகையையும் வரிசையாகக் குறித்துக்கொள்ளும். குறிப்பு சரியாக இருந்தால் சாவியைக் கொடுக்கும். யாராவது நடுவில் புகுந்து எதையாவது மாற்றியிருந்தால் சாவி கிடைக்காது. இதுவரை நல்ல விஷயம்தான்.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. தான் குறித்து வைத்ததைக் கையெழுத்துப் போட்டு வெளியே இருப்பவருக்குக் காட்ட முடியும். 'இந்தக் கணினியில் இன்னின்ன மென்பொருள்தான் ஓடுகிறது, சொந்தக்காரர் எதையும் மாற்றவில்லை' என்று அது சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியைச் சொந்தக்காரர் திருத்த முடியாது. அவரே நினைத்தாலும் முடியாது.

இங்கேதான் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பாதுகாப்பியல் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் 2002-லேயே கேள்வி பதில் வடிவில் நீளமாக ஒன்றை எழுதினார். அவர் சுட்டிக்காட்டிய விஷயம் ரொம்ப எளிமையானது. ராணுவப் பாதுகாப்பு மொழியில் 'நம்பப்படும் பாகம்' என்றால் யோக்கியமான பாகம் என்று பொருள் இல்லை. அது காலை வாரினால் உங்கள் மொத்தப் பாதுகாப்பும் போய்விடும் என்றுதான் பொருள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதே ஆண்டில் இன்னும் காரமாக, இது 'துரோகக் கணினி' என்றார். காசு கொடுத்து வாங்கியவனுக்குக் கீழ்ப்படியாமல் வேறு யாருக்கோ கீழ்ப்படியும் பொருளுக்கு வேறென்ன பேர் என்பது அவர் வாதம்.

எதிர்ப்பு கிளம்பியதும் மைக்ரோசாஃப்ட் 2003 ஜனவரியில் பல்லேடியம் என்ற பெயரைக் கைவிட்டு, வாயில் நுழையாத நீண்ட பெயர் ஒன்றை வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் திட்டத்தின் பெரும்பகுதி ஓசையில்லாமல் ஓரங்கட்டப்பட்டது. விண்டோஸ் விஸ்டாவில் வட்டை மொத்தமாகப் பூட்டும் 'பிட்லாக்கர்' மட்டும் மிஞ்சியது.

ஆனால், சிப் போகவில்லை. டி.பி.எம். என்ற பெயரில் லேப்டாப்களுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டே வந்தது. 2021 ஜூன் 24 அன்று விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டபோது, டி.பி.எம். 2.0 கட்டாயம் என்றார்கள். பிராசஸரும் பெரும்பாலும் 2017 இறுதிக்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும் என்றார்கள். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றன. இதனால் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணித்திருந்தது.

அந்த 24 கோடியில் ஒன்றுதான் ஈரோட்டுத் துண்டு போர்த்தியிருந்தது.

"பிராசஸர் ஒத்துக்க மாட்டேங்குதுங்ணா"

காந்திபுரத்தில் அவர் வழக்கமாகப் போகும் கம்ப்யூட்டர் கடைக்குச் சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரப் பையன் திறந்து பார்த்தான், பயாஸுக்குள் போனான், என்னவோ தட்டினான்.

"ஏனுங்ணா, டி.பி.எம். உள்ளயே இருக்குதுங். ஆஃப்ல இருந்துச்சு, ஆன் பண்ணிட்டேன். ஆனா பிராசஸர் ஒத்துக்க மாட்டேங்குதுங்ணா. ஆறாம் ஜெனரேசன். எட்டாவதுல இருந்துதான் எடுத்துக்கும்."

"அப்ப ஆறுக்கும் எட்டுக்கும் என்ன தம்பி வித்தியாசம்? என்ற வேலைக்கு?"

"உங்க வேலைக்கு ஒண்ணுமில்லீங்ணா."

பையனின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். செக்கிங்கைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடும் குறுக்கு வழி தனக்குத் தெரியும் என்றும் சொன்னான். 'ஆனா நாளைக்கு அப்டேட் வரலைன்னா என்னைக் கேக்கக்கூடாது' என்று சேர்த்துச் சொன்னான். 

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடலாம். பல்லேடியம் காலத்தில் நம்மூரில் யாராவது பயந்திருந்தால், அதற்குக் காரணம் தனியுரிமை, சுதந்திரம் எல்லாம் இல்லை. காப்பி அடித்த சி.டி.யில் ஓ.எஸ். போட்டு ஓட்டிய பொழப்புக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற பயம்தான். நூறு, இருநூறு கொடுத்து எல்லாவற்றையும் 'ஏற்றி' வாங்கி வந்த தலைமுறை அது. கம்பெனி நம்மை நம்பவில்லை என்று இன்றைக்கு வருத்தப்படும்போது, நாமும் அன்றைக்கு அவ்வளவு நம்பிக்கையாக நடந்துகொள்ளவில்லை என்பதும் கூடவே ஞாபகத்துக்கு வருகிறது. அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். 2016 மெஷினில் இருப்பதுதான் அவர் காசு கொடுத்து வாங்கிய முதல் ஒரிஜினல் விண்டோஸ்.

"ஒரிஜினல் வாங்குனவனத்தான் இப்ப ஒதுக்குறாங்க, பாருங்க" என்றார்.

தட்டில் வந்த ஆடிட்

கணினியை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும். அப்போதுதான் அவரிடம் ஷாஃப்ட் வாங்கும் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து சப்ளையர் ஆடிட்டுக்கு ஆள் வந்தார்கள். வருஷா வருஷம் வருவதுதான். கேஜ் கேலிபரேஷன் செய்தீர்களா, ஃபயர் எக்ஸ்டிங்விஷர் தேதி முடிந்துவிட்டதா, பாத்ரூம் சுத்தமா என்றெல்லாம் கேட்பார்கள். இந்த முறை தாளில் புதிதாக ஒரு பத்தி. 'எங்கள் டிராயிங்குகளை வைத்திருக்கும் கணினியில் ஆதரவு உள்ள இயங்குதளம் இருக்கிறதா?'

இல்லை என்று எழுதினால் மூன்று மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தாளில் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. பட்டறையின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு கம்பெனியில் இருந்துதான் வருகிறது.

கம்பெனிக்காரர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. 2017 மே மாதம் 'வானாக்ரை' வந்தபோது உலகம் முழுக்கப் பழைய, அப்டேட் செய்யாத விண்டோஸ் கணினிகள்தான் முதலில் விழுந்தன. திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகள்கூடத் தப்பவில்லை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கி, நோயாளிகளின் பதிவுகளைக் கையால் எழுத வேண்டி வந்தது. ஒரு சின்னப் பட்டறையின் பழைய கணினி வழியாகப் பெரிய கம்பெனிக்குள் ஆள் நுழையலாம் என்பது வீண் பயம் இல்லை.

டி.பி.எம். சிப்பும் வெறும் பூச்சாண்டி இல்லை. அதில் பூட்டிய லேப்டாப்பை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் யாராவது தூக்கிக்கொண்டு போனால், வட்டைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் ஒன்றும் படிக்க முடியாது. பெண்பிள்ளைகளின் போட்டோ, குடும்பத்தின் கணக்கு வழக்கு, கம்பெனி டிராயிங் எல்லாவற்றுக்கும் அது பாதுகாப்புத்தான். இதை மகள் அன்று ராத்திரி பொறுமையாக விளக்கினாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து வாசலுக்குப் போனார். வாசல் திண்ணைக்கு மேலே இருந்த கரன்ட் மீட்டரைக் காட்டினார்.

"இதும் நம்ம வீட்டுலதான் இருக்குது. நம்ம செவுத்துலதான் மாட்டிருக்குது. ஆனா சீலு யாருது? ஈ.பி. ஆபீஸுது. அந்த சீல் எதுக்கு? திருடங்கிட்ட இருந்து என்னையக் காப்பாத்தவா? எங்கிட்ட இருந்து ஈ.பி.யக் காப்பாத்த. தப்புன்னு சொல்லல. ஆனா அத எனக்குப் பாதுகாப்புன்னு சொல்லி மாட்டாதீங்கன்றேன்."

மகள் அன்றைக்கும் பதில் சொல்லவில்லை. ஆனால், அடுத்த நாள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது நாலு பேரிடம் இதைச் சொன்னாளாம். நாலு பேரும் செக்யூரிட்டி படித்தவர்கள். டி.பி.எம்.-மின் சாட்சி சொல்லும் வேலைக்கு இதைவிட நல்ல உதாரணத்தை வகுப்பில் யாரும் சொல்லவில்லை என்றார்களாம்.

சீல் ஏற்கெனவே பாக்கெட்டில்

இதைப் படிக்கும் உங்கள் கையில் இருக்கும் போனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் எதை நினைத்து ஆண்டர்சனும் ஸ்டால்மனும் பயந்தார்களோ, அது கணினிக்கு முன்னால் போனுக்கு வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு போனை 'ரூட்' செய்து பாருங்கள், பல வங்கிச் செயலிகள் திறக்காது. போன் உங்களுடையது, வங்கிக் கணக்கும் உங்களுடையது. ஆனால், 'இந்த போனில் சொந்தக்காரர் கை வைத்திருக்கிறார்' என்று போனே வங்கியிடம் சொல்லிவிடுகிறது. யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. ஏனென்றால், போனை ரூட் செய்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான்.

அவருடைய அக்கா பையன், பாலிடெக்னிக்கில் படிப்பவன், 'வேலரன்ட்' விளையாட்டுப் பைத்தியம். விண்டோஸ் 11-ல் டி.பி.எம். 2.0-வும் செக்யூர் பூட்டும் ஆன் ஆகாமல் அந்த விளையாட்டு திறக்காது. ஏமாற்று வேலை செய்யும் ஆட்களைத் தடுக்கத்தான். "அதுவே நல்லதுங் மாமா. இல்லீன்னா செவுத்துக்குப் பின்னால இருந்தே சுட்டுப்போடுவானுக" என்றான். பையனுக்குச் சீல் பிடித்திருக்கிறது. எதிராளியின் மீட்டரிலும் சீல் இருக்கிறது என்பதால்!

கணக்கு எழுதுகிற ஆடிட்டர்களுக்கும் இந்த விஷயம் பழக்கமானதுதான். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், யார் எந்த வவுச்சரை எப்போது திருத்தினார் என்ற தடம் கட்டாயம் இருக்க வேண்டும். அதை ஆஃப் செய்யும் வசதி இருக்கக்கூடாது. முதலாளியின் மெஷினில் முதலாளி மேலேயே ஒரு கண். சட்டம் கேட்கிறது, காரணம் தெரிகிறது, எல்லோருக்கும் ஒரே விதி. அதனால் யாரும் அதைத் துரோகம் என்று சொல்லவில்லை.

அப்படியானால் மக்கள் எதை நம்ப மறுக்கிறார்கள்? சிப்பை இல்லை. சீல் வைப்பவர் நாளைக்கு விதியை மாற்றினால் நாம் எங்கே போய்க் கேட்பது என்பதைத்தான்.

2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் 'ரீகால்' என்ற வசதியை அறிவித்தது. சில நொடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, 'போன வாரம் பார்த்த அந்தப் புடவை எது?' என்று கேட்டால் தேடிக் கொடுக்கும். எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும், பாதுகாப்பாக இருக்கும் என்றார்கள். பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஆரம்பப் பதிப்பை ஆராய்ந்தபோது, சேமித்த விவரங்கள் எளிதாகப் படிக்கக்கூடிய நிலையில் கிடந்தன. ஜூனில் வரவேண்டியது தள்ளிப்போனது. விருப்பப்பட்டால் மட்டும் ஆன் செய்துகொள்ளலாம் என்று மாற்றி, பூட்டைப் பலப்படுத்தி, 2025 ஏப்ரலில்தான் பொதுவெளிக்கு வந்தது. அதற்குப் பிறகும் சிக்னல் செயலி தன் ஜன்னலை ரீகால் படம் பிடிக்காதபடி மறைத்துக்கொண்டது. ஜனங்கள் சத்தம் போடாமல் இருந்திருந்தால் அந்தப் பூட்டு வந்திருக்குமா?

இன்னொரு சம்பவம் நம் நாட்டிலேயே. நம்மூர் ரோட்டோரங்களிலும் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் நயாரா எனர்ஜி, ரஷ்ய நிறுவனத்துக்குப் பங்கு உள்ள இந்தியக் கம்பெனி. 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் அதன்மீது தடை விதித்தது. இந்தியச் சட்டப்படி அந்தத் தடைக்கு இங்கே வேலை இல்லை. ஆனாலும், மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. ஊழியர்கள் மின்னஞ்சலைத் திறக்க முடியவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது நயாரா. அந்த மாத இறுதிக்குள் சேவை திரும்பியது. காசு கட்டிய வாடிக்கையாளர், செல்லுபடியாகும் ஒப்பந்தம். இருந்தும் பியூஸ் கட்டை கடல் தாண்டி இருந்தது. அந்தச் சம்பவத்துக்கும் டி.பி.எம். சிப்புக்கும் தொழில்நுட்பத் தொடர்பு இல்லைதான். சந்தேகப்படுகிறவர்களின் மனசில் இரண்டும் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அரசுகளுக்கே இந்தச் சந்தேகம் உண்டு. 2014-ல் சீனா அரசு அலுவலகங்களுக்கு விண்டோஸ் 8 வாங்குவதைத் தடை செய்தது. நம் பாதுகாப்பு அமைச்சகம் 2023-ல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட 'மாயா' என்ற இயங்குதளத்துக்கு மாறும் வேலையைத் தொடங்கியது. தமிழ்நாடு அதற்கும் முன்னாலேயே முயன்றிருக்கிறது. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-07 வாக்கில் அங்கிருந்த கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வந்தபோது விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸும்' சேர்ந்தே வந்தது. எத்தனை பேர் அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தார்கள் என்பது தனிக் கதை. பாட்டு டவுன்லோடு செய்யத்தான் பலருக்கும் அது பயன்பட்டது.

2025 டிசம்பரில் புது போன்களில் 'சஞ்சார் சாத்தி' செயலி கட்டாயம் இருக்க வேண்டும் என்ற மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு வெளியே தெரிந்தபோது, எதிர்ப்பு கிளம்பிய சில நாள்களிலேயே கட்டாயம் கைவிடப்பட்டது. அதுவும் பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லப்பட்டது. தொலைந்த போனைக் கண்டுபிடிக்கிற, நல்ல செயலிதான். விருப்பப்பட்டு இறக்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர். வேண்டாம் என்று சொல்லும் வழியை அடைத்ததுதான் பிரச்னையானது.

நாப்பத்தெட்டு எண்

பட்டறைக்கு வருவோம். லினக்ஸுக்கு முழுசாகப் போய்விடலாம் என்று அவர் ஒரு கட்டத்தில் தீர்மானித்தே விட்டார். அக்கா பையன் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து ஓட்டியும் காட்டினான். பழைய மெஷின் குதிரை மாதிரி ஓடியது. ஆனால், டேலி விண்டோஸுக்கானது. கம்பெனி அனுப்பும் டிராயிங்கைத் திறக்கும் மென்பொருளும் அப்படித்தான். மாசம் இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. கட்ட வேண்டிய ஆளுக்கு அதை வைத்து ஆராய்ச்சி செய்ய நேரம் கிடையாது. 'எவன் மேலயும் நம்பிக்கை இல்லாட்டியும் டேலி மேல நம்பிக்கை வெச்சுத்தான் ஆகணும்' என்பது அவர் கட்சி.

விண்டோஸ் 10-க்கே இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ள வீட்டுக் கணினிகளுக்கு வழி உண்டு. அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் காசு கூட வேண்டாம். நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரட்டிப்பு. பட்டறைக் கணினி வீட்டுக் கணினியா, நிறுவனக் கணினியா? "பட்டற வீட்டுக்கு முன்னாலதான இருக்குது" என்றார் அவர். மகள் சிரித்தாள். ஆடிட்டர் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒன்று புதிதாக வாங்கினார். தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில், புது சோபாவுக்குப் பதிலாக. அதில் டேலியும் கம்பெனி டிராயிங்கும் மட்டும். பழைய மெஷினில் லினக்ஸ் ஏறியது. நெட் கேபிளைப் பிடுங்கி, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு மேஜை டிராயரில் வைத்துவிட்டார். பதினாலு வருஷ ஜாப் கார்டுகளின் ஸ்கேன், பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஆள்களின் போட்டோ, அப்பாரு கைப்பட எழுதிய திரெட் அளவு நோட்டின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அவற்றைப் புது மெஷினுக்கு மாற்ற அவர் சம்மதிக்கவில்லை.

"அது ஆடிட்டுக்குக் காட்ட வேண்டியதில்ல" என்றார்.

புது லேப்டாப்பை மகள்தான் தயார் செய்தாள். கணக்கு கேட்டது, மின்னஞ்சல் கேட்டது, எல்லாம் கொடுத்தாள். வட்டு தானாகவே பூட்டிக்கொண்டது. ஏதாவது ஆகி மெஷின் அடையாளம் தெரியாமல் போனால் திறப்பதற்கு ஒரு மீட்புச் சாவி உண்டு. ஆறாறு எண்ணாக எட்டுக் கட்டு, மொத்தம் 48 எண்.

"அது உங்க அக்கவுன்ட்லயே சேவ் ஆகிடுமுங்ப்பா. தேவைப்பட்டா போன்ல பாத்துக்கலாம்."

"அக்கவுன்ட்டு எங்க இருக்குது?"

"மைக்ரோசாஃப்ட்கிட்ட."

அவர் எழுந்து போய், ஓரத்தில் மஞ்சள் தடவிய கணக்கு நோட்டை எடுத்து வந்தார். ஆயுத பூஜைக்குப் புதுசாகப் போட்ட நோட்டு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசிப் பக்கத்தைப் பிரித்து, பேனாவை உதறினார்.

"நீ படி கண்ணு. நான் எழுதிக்கறேன்."

"ஏனுங்ப்பா, ஒரு போட்டோ புடிச்சாப் போதாதா?"

"போட்டோ எங்க போகும்?"

அவள் போனைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். அவர் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி எழுதினார், சந்தையில் எடை சொல்கிற மாதிரி. பேங்க் லாக்கர் சாவி தொங்கும் பீரோவுக்குள் நோட்டு போக வேண்டும் என்பதால், வீட்டம்மா பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வெளியே லேத் ஓடிக்கொண்டிருந்ததால் ஆறாவது கட்டில் ஓர் எண் காதில் விழவில்லை.

"மறுக்காச் சொல்லு" என்றார். "ஏழா, ஒண்ணா?"